முதுகில் ஒரு ‘கோ’

மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுற ஆயாவை, கோடு கோணலாப் போன அன்னைக்குத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லீங்க. தொண்ணூறுகள்ல சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல நானும் அப்படித்தான் இருந்தேன்.

வேப்பமரத்தடிக் காவல்

பவானியிலிருந்து ஒன்பதாவதுல வந்து சேந்த பொண்ணு கலாமணி. விளையாட்டுப் பீரியடு மணி அடிச்சா மத்ததுக தாவணியை இழுத்துச் செருகிட்டு ஓடும். ஓடுறப்ப வாட்ச்சு, வளையல், கண்ணாடி எல்லாத்தையும் இவ மடியில போட்டுட்டுப் போகும். அப்ப மட்டுந்தான் அவகூடப் பேச்சு. இவ மரத்தடியில உக்காந்து, மைதானத்தைப் பாத்தபடியே கால் கட்டைவிரலால மண்ணைக் கீறிட்டிருப்பா. “ஏன் அம்மணி, நீ ஓடலையா?”ன்னு கேட்டேன்.

“எல்லாரும் ஓடிட்டா வாட்ச்சை யாருங்க ஆயாம்மா பாத்துக்கறது?”

எட்டாவது ஆள்

கோ-கோ தெரியுமில்லீங்களா? எட்டுப் பேர் வரிசையா உக்காந்திருப்பாங்க. துரத்துறவ ஒருத்தி முதுகுல தட்டி “கோ”ன்னா அவ எந்திரிச்சு ஓடணும், தட்டினவ அங்க உக்காரணும். ஒரு நாள் ஆள் குறைஞ்சுது. டீச்சர் கலாமணியை உக்கார வெச்சாங்க. ஓடத் தயாரா ஒரு கையை மண்ணுல ஊனி உக்காந்திருந்தா. புதுசுக்கு “கோ” குடுத்தா ஆட்டம் போயிருமுன்னு எல்லாரும் அவளைத் தாண்டியே தட்டினாளுக. விசில் ஊதுற வரைக்கும் அவ முதுகை ஒரு கையும் தொடலீங்க. உள்ளங்கை மண்ணைத் தட்டிட்டு எங்கிட்ட வந்து கேட்டா:

“உக்காந்தே இருந்தாலும் ஆடினதாத்தானுங்க ஆயாம்மா அர்த்தம்?”

கை செஞ்ச வேலை

அடுத்த வாரம் வாட்ச்சையெல்லாம் ஒரு துணிப்பையில போட்டு என் இடுப்புல கட்டிக்கிட்டேன். கலாமணி மறுபடியும் வரிசையில. மறுபடியும் தாண்டித் தாண்டிப் போறாளுக. சுண்ணாம்பு வாளியோட பின்னால போன நான், பொறுக்க முடியாம அவ முதுகுல தட்டி “கோ”ன்னு சொல்லிப்போட்டேன்!

அவ கிளம்பின வேகத்துல என் வாளியே சாஞ்சுபோச்சு. நெசமாத் துரத்துறவ ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். டீச்சர் விசிலை ஊது ஊதுன்னு ஊதறாங்க. இவ காதுல விழுந்தாத்தானே? எதிர்ப்பக்கத்துல ஒருத்தர் கைக்கும் சிக்காம ஓடுற சுமதியை மூலை வரைக்கும் விரட்டித் தொட்டுட்டுத்தான் நின்னா. முதுகுல என் சுண்ணாம்புக் கை அப்படியே பதிஞ்சிருக்குது. டீச்சர் என்னைத் திட்ட வர்றதுக்குள்ள, சுமதி மூச்சு வாங்கிட்டே சொன்னா:

“அடியே, இத்தனை நாளா இந்தக் காலை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே? நாளைக்கு எங்க பக்கம் வந்திரு!”

அன்னையிலிருந்து நான் வேலையை விடுற வரைக்கும் வாட்ச்சுப் பை என் இடுப்புலதானுங்க. வேப்பமரத்தடியில நின்னு பாக்கறப்பவெல்லாம், என் முதுகுலயும் யாராவது ஒரு “கோ” குடுக்க மாட்டாங்களான்னு இருக்கும்.