காது மந்தமான ஸ்பீக்கர்

ஊரில் பாதிப் பேருடைய காது அவருக்குத் தெரியும். முகம்தான் நினைவில் நிற்காது. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கதவைச் சாத்தினால் சொந்த மூச்சே பெரிதாகக் கேட்கும் சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க" என்பது அவர் வேலை. கேட்காமலே அமுக்குகிறவர்கள் உண்டு. காது போய்விட்டது என்று எழுதிவிடுவாரோ என்ற பயம். அப்படிச் சந்தேகம் வந்தால் எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா இருந்து பார்ப்பார். அப்போதும் உள்ளே இருப்பவர் டக் டக்கென்று அமுக்கினால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது சார் தலையில் அடித்துக்கொள்வார். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட காது சாருக்கு ஒரே ஒரு பாட்டு விஷயத்தில் மட்டும் இருபத்திரண்டு வருடமாகக் காது வேலை செய்யவில்லை.

கல்லூரி நாளில் நான்கு பேர் சேர்ந்து ராக் குழு நடத்தினார்கள். கிடார் இவர். டிரம்ஸ் அடித்தவன் பிற்பாடு மச்சானானான். அவன் தங்கையைத்தான் இவர் கட்டிக்கொண்டார். ஒரு கார் ஷெட்டில், ஏணியில் ஒற்றை மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, ஏழு நிமிடப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள். அந்த வாரமே குழு கலைந்தது. பரீட்சை வந்ததால் கலைந்தது என்பது அவர் நம்பிக்கை. "ரெக்கார்டிங் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." என்று அவர் வாயைத் திறந்தாலே மனைவி துணி மடிக்கக் கிளம்பிவிடுவாள்.

வீட்டில் இருந்த பழைய ஸ்பீக்கரில் ஒன்று கிழிசல். அதில் எதைப் போட்டாலும் இடி இடிப்பதுபோல் இருக்கும். ராக் இசைக்கு வேறென்ன வேண்டும்? போன மாதம் அது ஒரேயடியாக ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்து, ஆறு வருடம் கழித்து மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்தான். "வா மச்சான், நம்ம பாட்டை நல்ல ஸ்பீக்கர்ல கேப்போம்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மனைவியோடு கடைக்குப் போனார். கடைப் பெண் ஆள் உயரக் கறுப்பு ஜோடி ஒன்றைக் காட்டினாள். "இது உள்ளதை உள்ளபடி காட்டும் சார்."

"அதுதான் எனக்கு வேணும்" என்று கைபேசியில் இருந்த பாட்டைப் போட்டார்.

உள்ளதை உள்ளபடியே காட்டியது. முதல் நிமிடத்தில் கிடார் சுருதியிலிருந்து லேசாக விலகியது. மூன்றாம் நிமிடத்தில் வேறு தெருவுக்கே போய்விட்டது. பாட்டு முடிந்த பிறகு, இத்தனை வருடம் வெறும் கரகரப்பு என்று அவர் நினைத்திருந்த இடத்தில், கல்லூரிக் கால மச்சானின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது: "இவனை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுடா. இத்தோட விட்டுடலாம்."

மனைவி மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தாள்.

"கிடார் யாரு சார் வாசிச்சது?" என்றாள் கடைப் பெண்.

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

பரீட்சை காரணமில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு மச்சான் எதிரில் இந்தக் குரல் கேட்டால் இரண்டு பேரும் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? காது சார் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். மனைவியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்.

"கடைசியில உங்க அண்ணன் குரல் கேட்டா மட்டும் கையைத் தூக்கு."

"கடையில வச்சு இதென்னங்க கூத்து?"

"தூக்குன்னா தூக்கேன்."

இரண்டாவது ஜோடிக்குக் கை உயர்ந்தது. மூன்றாவதற்கு, அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே உயர்ந்தது. நான்காவது, துணி போர்த்திய குண்டுப் பெட்டிகள். கிடாரும் டிரம்ஸும் ஒன்றாகக் குழைந்து கதகதப்பாக வந்தன. சுருதி விலகினதெல்லாம் வேண்டுமென்றே செய்ததுபோல் இருந்தது. குரல் வரவேண்டிய இடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துவதுபோல் ஒரு முனகல். கை உயரவில்லை.

மெல்லிய, கூரிய ஒலிகள் எதுவும் அந்தப் பெட்டிக்கு எட்டவில்லை. நோயாளியாக வந்திருந்தால் கருவி வைத்துக்கொள்ளச் சொல்லி, ஆறு மாதத்தில் மறுபடி வரவும் சொல்லியிருப்பார்.

"இதையே கட்டிக் குடும்மா."

"சார், இது கொஞ்சம் மந்தம். நுணுக்கமா எதுவும் கேக்காது."

"நுணுக்கத்தை எல்லாம் நான் ஆஸ்பத்திரியில பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் தொப்பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான். பாட்டு ஓடியது. "யப்பா, நாமளா இது!" என்று தொடையில் தாளம் போட்டவன், ஆறாவது நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தான். இருமினான். தண்ணீர் கேட்டான். தண்ணீர் வந்தது, குடிக்கவில்லை.

"போதும் மாப்ளே, நிறுத்திடலாமே."

"இருடா, முடியட்டும்."

முடிந்தது. நாற்காலி நகர்ந்தது. மச்சான் தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "கடைசியில ஏதாவது கேட்டுச்சா?"

"என்னது?"

"இல்ல, மைக்கை நிறுத்துறதுக்கு முன்னாடி நான் ஏதோ உளறிட்டேனோன்னு... ரொம்ப நாளா ஒரு உறுத்தல்."

சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "ஒண்ணுமே கேக்கலையே மச்சான்."

மச்சான் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். "ரெக்கார்டிங் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா மாப்ளே, நாம எங்கயோ போயிருப்போம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அண்ணனின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்ற மனைவி மெல்லக் கையைத் தூக்கினாள். நிஜமாகவே கேட்டுத்தான் தூக்குகிறாளா, கேட்காமலே அமுக்குகிற ரகமா என்று காது சார் சோதிக்கப் போகவில்லை. பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.