தலையில் அடிபட்டதுண்டா?

அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றி எனக்கு உறுதியான மூன்று கருத்துகள் இருந்தன. அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. அந்த விளையாட்டின் விதிகளில் பாதி இன்றும் எனக்கு விளங்காது. இருந்தும் மூன்றையும் எண் போட்டுக் கைப்பேசியில் எழுதி வைத்திருந்தேன். எதையும் எண் போட்டு எழுதுவது என் பழக்கம். மென்பொருள்களில் பிழை தேடுவது என் தொழில். பிழை ஒன்று அகப்பட்டால் என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் அதைப் பார்த்துச் சரி என்று விட்டது என்று எழுத வேண்டும். வாரநாட்களில் இதை அலுவலகத்தில் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், அப்பாவின் சலூனில் இருந்தேன்.

சலூனில் இரண்டு கதிரைகள், கண்ணாடியைச் சுற்றி வரிசையாக மின்குமிழ்கள், மேலே ஒரு தொலைக்காட்சி. மூலையில் ஒரு சின்ன மேசை. அந்த மேசை என்னுடையது. முடி வெட்ட வருகிறவர்கள் கடிதங்களையும் கொண்டு வருவார்கள். வதிவிட அனுமதி தரும் பிரிபெக்சர் அலுவலகத்தில் இருந்து வந்தது, வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பியது, பிள்ளையின் பள்ளிக்கூடம் நிரப்பச் சொன்னது. பன்னிரண்டு வயதிலிருந்தே எங்கள் வீட்டுப் பேப்பர்களை நிரப்பி வந்ததால் இது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் பேப்பர் நிரப்புவது மூத்த பிள்ளையின் வேலை. அப்பா, அம்மா, தம்பி மூவரின் கையெழுத்தும் எனக்கு வரும்.

பேப்பர் நிரப்புவதில் அப்பாவுக்கு ஒரு விதி இருந்தது. அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில் அவர் கற்றுக்கொண்டது. ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அதற்குள்ளிருந்து இன்னும் நான்கு கேள்விகள் வரும். எந்த முகவரி, எத்தனை நாள், யாரோடு, ஏன். “இல்லை எண்டு போடு பிள்ளை. இல்லைக்குப் பின்னாலை கேள்வி வராது,” என்பார். எனக்குப் பேப்பர் நிரப்பப் பழக்கியதே இந்த விதியோடுதான்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எங்கள் சலூனில் அமெரிக்கக் கால்பந்து ஓடக் காரணம் தம்பி. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. வடக்குப் புறநகரில் ஒரு கழகத்துக்கு விளையாடினான். சனிக்கிழமை விளையாடிவிட்டு, ஞாயிறு மாலை வந்து பெரியவர்களிடமிருந்து தொலைக்காட்சியைப் பறித்துக்கொள்வான். முதலில் எல்லோரும் முறைப்பட்டார்கள்.

“பந்தைக் கையிலை கொண்டு ஓடுறாங்கள். பேர் கால்பந்து!” என்றார் எபினே புறநகரிலிருந்து வரும் அண்ணை. ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்பவர். முடி வெட்டி முடிந்த பிறகும் எழும்பிப் போக மாட்டார்.

ஆட்டம் விளங்காதவர்களுக்கு ஆட்டக்காரர்களைப் பற்றிய சண்டைகள் நன்றாக விளங்கின. தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்காமல் முழங்காலிட்ட ஒருவரின் கதையைத் தம்பி சொன்ன அன்று முடி வெட்டும் வேலையே நின்றுபோனது.

“அதெல்லாம் சரிப்படாதுங்க. சம்பளம் வாங்கற எடத்துல எழுந்து நின்னுதான் ஆவணும்,” என்றார் புதுச்சேரிக்காரர். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் ஐயா என்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சில் மிசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சங்கீதக் கதிரை வைச்சாலும் மிசியே பாட்டு முடிஞ்ச பிறகும் எழும்பித்தான் நிப்பார்,” என்றார் சமையல்கார அண்ணை.

அப்பா சிரிக்கவில்லை. “எழும்பு எண்டவுடனை எழும்பின ஆக்கள் நாங்கள். எழும்பாமல் இருக்க எவ்வளவு துணிவு வேணும் எண்டு எனக்குத் தெரியும். அவன் இருக்கட்டும்,” என்றார்.

நான் அப்பாவின் பக்கம். அது என் முதல் கருத்து. இரண்டாவது, வீட்டில் பெண்ணை அடித்த ஆட்டக்காரரைச் சில ஆட்டங்கள் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப மைதானத்தில் இறக்கியதைப் பற்றியது. அது கூடாது என்று எழுதியிருந்தேன். “அது அவையின்ரை வீட்டு விசயம் பிள்ளை,” என்று சமையல்கார அண்ணை தொடங்கினார். “அண்ணை, உங்கடை மகளுக்கு அடிச்சாலும் வீட்டு விசயமோ?” என்று கேட்டேன். அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

மூன்றாவது கருத்து இளவேனிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியது. அன்று ஆறரைக்கே தம்பி வந்துவிட்டான். தலைமூடியுள்ள மேற்சட்டையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தான். ஒரு தாளை என் மேசையில் வைத்து, “அக்கா, இதையும் ஒருக்கா,” என்று பிரெஞ்சில் சொன்னான். கழகத்தின் தாள். ஆட்டத்தில் தலையில் அடிபட்டவர் மறுநாள் நிரப்பிக் கொடுக்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் போகலாம். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் அவர்களுக்கு அரையிறுதி. நான் தலையை ஆட்டிவிட்டு அதை மற்றக் கடிதங்களுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நிமிட வேலை.

தொலைக்காட்சியில் அமெரிக்காவின் இளவேனில் லீக்கின் முந்தைய வாரக் காட்சி ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரு வீரர் மோதி விழுகிறார். எழும்புகிறார். இரண்டு அடி வைத்துப் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடிக்கிறார். வெளியே கூட்டிப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் திரும்ப வந்து விளையாடுகிறார். யாருடைய பிழை என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் சண்டை பிடித்தார்கள். சலூனில் நாங்களும் தொடங்கினோம்.

“அவன் என்ன பால்குடியே? தலை சுத்துதெண்டால் அவன்தான் சொல்லோணும்,” என்றார் அப்பா, தம்பியின் கழுத்தில் துணியைக் கட்டியபடி. அன்று அவனுக்கு முடி வெட்டும் நாள்.

“அவன் எப்படிங்க சொல்லுவான்? ஆடலன்னா எடம் போயிடும். தொக்தர்தான் ரெஸ்பொன்சபிள்,” என்றார் மிசியே.

“தொக்தருக்கும் அவங்கள்தானே சம்பளம்,” என்றார் சமையல்கார அண்ணை.

எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. “எங்கையோ ஒரு பேப்பர் இருக்கும். இவர் விளையாடலாம் எண்டு அதிலை ஒரு ஆள் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த ஆளைப் பிடிக்கோணும்,” என்றேன். சொல்லிவிட்டு அதையே கைப்பேசியில் எழுதினேன். மூன்று: கையெழுத்துப் போட்டவர்.

“அவ்வளவு சுலபமில்லை,” என்று தம்பி பிரெஞ்சில் சொன்னான். அவன் கண்களை மூடியிருந்ததை நான் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

அப்பா மெஷினைப் போட்டார். வலப்பக்கம் முழுவதையும் வெட்டிக்கொண்டு பின்கழுத்துக்கு வந்தார். மெஷின் காதுக்குப் பின்னால் போனதும் தம்பியின் இரண்டு கைகளும் கதிரையின் பிடிகளை இறுக்கின.

“அரெத், பப்பா. அரெத்!”

அப்பா நிறுத்தினார். “என்னடா, வெட்டிப்போட்டனோ?” விரலால் தடவிப் பார்த்தார். இரத்தம் இல்லை. வெளியே பாலத்தின் மேல் மெத்ரோ போன சத்தம் கேட்டது. அதற்கும் தம்பி முகத்தைச் சுளித்தான். அப்பா கண்ணாடியில் அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மின்குமிழ்களைப் பார்த்தார்.

“பிள்ளை, உந்த லைட்டை நூர்.”

நூர்த்தேன். கண்ணாடிப் பக்கம் இருண்டது. தம்பியின் நெற்றி தளர்ந்தது. அதை எல்லோரும் கண்டோம்.

“நேற்று விழுந்தனியோ?”

“கொஞ்சம்.”

“இதுதான் முதல் தரமோ?”

தம்பி கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தான்.

முதல் தரம் இல்லை. போன வருடமும் ஒரு பயிற்சியில் விழுந்திருக்கிறான். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லையாம். கண் திறந்தபோது எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம். ஓல்னேயில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அதை எனக்கு நடித்துக் காட்டினான். இருவரும் சிரித்தோம். செப்டம்பரில் அவனுடைய பதிவுப் பேப்பர்கள் வந்தன. உடல்நலக் கேள்விகள் ஒரு பக்கம் முழுக்க. எப்போதாவது நினைவு தவறியதுண்டா என்று நடுவில் ஒரு கேள்வி. நான் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒழுங்காக ‘இல்லை’ என்று போட்டு, கீழே அவன் கையெழுத்தையும் போட்டேன். அந்த ரயில் கதை எனக்கு அப்போது நினைவு வந்தது. வரவில்லை என்று இங்கே எழுதினால் அது இன்னுமொரு ‘இல்லை’ ஆகிவிடும். நினைவு வந்தும் போட்டேன். ‘ஆம்’ என்றால் வைத்தியர், நாள் குறிப்பது, இன்னொரு பேப்பர். எங்கள் வீட்டில் பேப்பர் நிரப்புவது அப்படித்தான்.

கடிதங்களுக்கு அடியிலிருந்து கழகத்தின் தாளை எடுத்தேன். கேள்விகளைத் தமிழில், சத்தமாக வாசித்தேன். நான் நிரப்பிய எந்தப் பேப்பரின் கேள்வியையும் அப்பா அதுவரை கேட்டதில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்பார்.

“தலையிடி இருக்கோ?”

“இல்லை.”

“சத்தம் கரைச்சலா இருக்கோ?”

“இல்லை.”

“வெளிச்சம் கண்ணைக் குத்துதோ?”

“இல்லை.”

“தம்பி, இருட்டுக்கை இருந்துகொண்டு இல்லை எண்டு சொல்லாதை,” என்றார் சமையல்கார அண்ணை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

நான் வெளிச்சத்துக்கு ‘ஆம்’ என்று போட்டேன். சத்தத்துக்கு ‘ஆம்’ என்று போட்டேன். தம்பி கதிரையில் திரும்பினான்.

“அடுத்த கிழமை அரையிறுதி,” என்றான் பிரெஞ்சில்.

“தெரியும்.”

“இரண்டு வருடமாக இதற்குத்தான் ஓடினேன்.”

“தெரியும்.”

அவன் என்னோடு பெரும்பாலும் பிரெஞ்சில்தான் கதைப்பான். அடுத்த வசனத்தைத் தமிழில் சொன்னான், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. “போன தரம் நீதானே அக்கா இல்லை எண்டு போட்டனி.”

“என்னத்துக்கு இல்லை?” என்றார் அப்பா.

சொன்னேன். ரயிலில் சிரித்ததையும் சொன்னேன். மிசியே தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த வீரர் இன்னும் யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மெஷினின் பற்களில் இருந்த முடியைத் தூரிகையால் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

“நான்தானே பிள்ளை சொன்னனான், இல்லை எண்டு போடு எண்டு,” என்றார் கடைசியில்.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு உதவவில்லை. விதி அவருடையது. கேள்வியை வாசித்தவள் நான். கருத்து மூன்று என் கைப்பேசியில் மேசைமேல் இருந்தது. எழுதி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

தாளின் பின்பக்கத்தில் முந்தைய வருடம் நடந்ததை எழுதினேன். என்ன, எப்போது, யார் மறைத்தது. என் பெயரை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். ஆட்டக்காரர் கையெழுத்திடும் இடத்தைக் காட்டித் தாளைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்துக் கதிரையில் போட்டுவிட்டு, வலப்பக்கம் வெட்டி இடப்பக்கம் வெட்டாத தலையோடு வெளியே போனான்.

“விடுங்கோ அண்ணை. இப்ப உதுதான் மோஸ்தர் எண்டு நினைப்பினம்,” என்றார் சமையல்காரர்.

மறுநாள் காலை, அவனுடைய கையெழுத்து இல்லாமலே தாளைக் கழகத்துக்கு அனுப்பினேன். பயிற்சியாளர் உடனே அவனை அழைத்து வைத்தியரிடம் அனுப்பினார். வைத்தியர் அவனைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார். ஓட்டம் இல்லை, கைப்பேசி, தொலைக்காட்சி இல்லை, பிறகு திரும்பச் சோதனை. அரையிறுதியில் அவனுடைய அணி தோற்றது. அவன் இருந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்று அம்மா சொன்னார். நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல என்னால் முடியாது. வென்றிருக்கவும் கூடும்.

வீட்டில் அவன் என்னோடு கதைக்கவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தான். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. ஒரு பக்கம் வளர்ந்துகொண்டும் மறுபக்கம் அதைப் பின்தொடர்ந்துகொண்டும் இருந்த அந்தத் தலையை இரண்டு வாரங்களுக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சலூனுக்கு வந்தான். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டும்படி கதிரையைச் சுழற்றிவிட்டு இருந்தான். தொப்பியைக் கழற்றினான்.

“மெஷின் வேண்டாம்,” என்றான்.

அப்பா அந்தப் பக்க மின்குமிழ்களை நூர்த்துவிட்டு, கத்தரிக்கோலால் மட்டும் வெட்டத் தொடங்கினார். மெஷினால் பத்து நிமிடத்தில் முடியும் தலைக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. காத்திருந்த இருவர் முறைப்பட்டுவிட்டு அடுத்த சலூனுக்குப் போனார்கள்.

“பாத்தீங்களா, அந்த ஆளு இன்னிக்கும் ஆடறான்,” என்றார் மிசியே தொலைக்காட்சியைக் காட்டி. என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கடிதங்களை அடுக்கினேன்.

“அவன்ரை வீட்டிலை பேப்பர் நிரப்ப ஆளில்லைப்போலை,” என்றான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டே. குத்தலா பகிடியா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்றும் கேட்கவில்லை.

முடி வெட்டி முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். மறுநாள் வைத்தியரிடம் கொடுக்க வேண்டியது. பழக்கத்தில் கையை நீட்டினேன். அவன் தரவில்லை. பேனையை மட்டும் எடுத்துக்கொண்டு, மேசையின் மறுமுனையில் குனிந்து நின்று தானே நிரப்பினான். ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் எடுத்தான். தலையிடிக்கு ‘இல்லை’. வெளிச்சத்துக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘இல்லை’. சத்தத்துக்கு ‘ஆம்’. கழுத்திலிருந்து வெட்டிய முடி தாளில் உதிர்ந்தது. நான் ஊதிவிட்டேன்.

கீழே கையெழுத்துப் போட்டான். அவனுடைய கையெழுத்தை அவ்வளவு கிட்ட நின்று பார்த்தது அன்றுதான். இத்தனை வருடங்களாக அவனுக்காக நான் போட்டு வந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.