ஒரே ஒரு தரம் கூப்பிட்ட குரல்

இளவேனில் சிதம்பரத்தில் தங்கி வேதியியல் ஆராய்ச்சி செய்கிற பெண். வாரம் முழுக்க நிலக்கரிச் சாம்பலைக் கரைத்து, வடிகட்டி, எழுதி வைப்பதுதான் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மந்தாரக்குப்பத்து வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த நோட்டைத் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பறவைக் குரல்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி வாங்கி வைத்திருந்தாள். நிலக்கரிச் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலைபோல் ஆன பழைய மேட்டில், மரம் அடர்ந்து காடாகிக் கிடக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"இன்னாத்துக்குடி குருவி பின்னால அலைஞ்சிகினு இருக்கற?" என்பாள் அம்மா பெரியநாயகி.

"குருவி கேள்வி கேக்காதும்மா. எங்க புரொபசரு கேப்பாரு."

அம்மா சொல்லி அனுப்பும் புத்தி ஒன்றுதான். உச்சிவேளையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "ஏன்?" என்று பதில் குரல் கொடுக்கக்கூடாது. காத்து கருப்பு ஒரு தரம்தான் கூப்பிடும். மனிதர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குச் சித்திரை வெயில், உச்சிவேளை. புதருக்குள் செண்பகப் பறவை ஒன்று அடிக்குரலில் ஊம் ஊம் என்று கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்தியது. அதோடு இலை அசைவதும் நின்றுபோன மாதிரி இருந்தது. அப்போது கீழே பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"இளவேனி."

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். எவ்வளவு படித்தும் நாக்கு அம்மா பேச்சைத்தான் கேட்டது. இரண்டாவது தரத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தாள்.

சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டாள். செண்பகம். அமைதி. பிறகு தெளிவாக, ஒரே ஒரு தரம், "இளவேனி."

பெரியநாயகி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"காத்து கருப்பு மிசின்ல ஏறாதுடி. யாரோ பொம்பள."

"ஒரு தரம்தானம்மா கூப்புட்டுது."

"இன்னொரு தரம் கூப்புட தெம்பு இல்லன்னா?"

இளவேனில் கையை உதறிவிட்டு எழுந்தாள். பக்கத்து வீட்டு சசிகுமார் ஆட்டோவை எடுத்தான். அம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

மழைத் தண்ணீர் அறுத்த ஆழமான பள்ளத்துக்குள், கால் மடங்கிக் கிடந்தாள் ஆடு மேய்க்கிற வீரம்மாள். உயிர் இருந்தது. சுற்றிலும் ஆடுகள் மேயாமல், கத்தாமல் நின்றன. மூன்று பேருமாகத் தூக்கி ஆட்டோவில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி போகிற வழியில் அவளுக்குப் பேச்சு வந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றாள் இளவேனில். "உச்சிவேளையில நீங்க கூப்புட்டது காதுல வுழுந்துது. நாந்தான் பயந்துகினு ஓடிட்டேன்."

வீரம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"உச்சிவேளையிலயா? விடியக்காலம் வுழுந்தவம்மா நான். கத்திக் கத்தி அப்பவே தொண்ட அடச்சிப் போச்சி. அப்புறம் நெனவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "குருவிப் பொண்ணுன்னுதான் உன்னத் தெரியும். பேரு இன்னாம்மா?"

பெரியநாயகி மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு இளவேனில் அதே இடத்தில் கருவியை வைத்தாள். இந்தத் தரம் அம்மா எந்தப் புத்தியும் சொல்லி அனுப்பவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. செண்பகம் நிறுத்தியது. யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் எழுந்து நின்று, பள்ளத்தைப் பார்த்து, "ஏன்?" என்று குரல் கொடுத்தாள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு செண்பகம் மறுபடி கத்தத் தொடங்கியது.