எதிர்வீட்டு மயிலும் என் நூல் ரம்பமும்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் கடைப் பலகைகளில்தான். அதனால் என்ன குடி முழுகிப் போச்சு? பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் தலையில் மண் சுமந்த அதே ஆள், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொந்தமாக மாட்டு வண்டிகள் வைத்து ஓட்டினேன். பிறகு விறகுக் கிட்டங்கி. அதற்குப் பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிர்வரிசையில், முன்னால் அஞ்சடி வைத்த வீடு. மழை வெயில் படாமல் ஆட்கள் நடந்து போகிற அந்த அஞ்சடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேனென்றால், தெருவே எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கள்ளுக்கடை, சூதாட்டம் ஒன்றும் எனக்குக் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் இருந்தது, மரத்தில் சித்திரம் வெட்டுவது. சீனர்கள் சாமிப் பெட்டி செய்கிற கடைக்கு ஒருநாள் விறகு இறக்கப் போனேன். அங்கே ஒரு கிழவன் வில் மாதிரி வளைந்த இரும்புச் சட்டத்தில் நூல் கனத்துக்கு ஒரு பிளேடை முடுக்கி, பலகையில் டிராகன் வால் வெட்டிக்கொண்டிருந்தான். பலகையில் சின்னத் துளை போடுகிறான். பிளேடை அவிழ்த்து அந்தத் துளைக்குள் விட்டு மறுபடி முடுக்குகிறான். மேலும் கீழும் அறுத்துக்கொண்டே பலகையைத் திருப்புகிறான். நடுவில் இருக்கிற துண்டு கீழே விழுகிறது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கண்ணாலேயே திருடிக்கொண்டு வந்தேன். நூல் ரம்பம் என்று பேர் வைத்ததும் நான்தான். தேயிலைப் பெட்டிப் பலகையில் சீப்பு வைக்கிற தட்டு, கிளிக்கூண்டு, கடிகாரத்துக்குச் சட்டம் என்று வெட்டித் தள்ளினேன்.

இந்த வேலையில் உயிர் பிளேடில்தான் இருக்கிறது. ஹை ஸ்திரீட்டில் இரும்புச் சாமான் விற்கிற சீன முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவன் கடையில் சின்னச் சின்னக் கட்டாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பான். நம்பர் ஏற ஏறத் தடிமன். குறையக் குறைய மெலிசு. சைபர் அதைவிட மெலிசு. இரட்டைச் சைபர் தலைமயிர்தான். வேறு ஆள் போனால் தவுக்கே எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவான். நான் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்ப்பேன். நகத்தைக் கடித்தால் நல்லது, வழுக்கினால் துரு. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அது ஒரு மழைக்காலம் தாங்காதே. சட்டத்தில் முடுக்கிய பிறகு விரலால் சுண்டினால் தம்பூராக் கம்பி மாதிரி பேச வேண்டும். பேசாவிட்டால் வெட்டுக் கோணும். "நீ பொண்ணு பாக்குறியா, பிளேடு பாக்குறியா லா?" என்பான் தவுக்கே. "பொண்ணை ஒரு நாளிலே பாத்து முடிச்சேன்" என்பேன்.

இப்படி ராஜா மாதிரி இருந்தவன் வயிற்றில் நெருப்பு விழுந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எதிர் குவார்ட்டர்ஸுக்கு ஒரு கிராணி குடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதுகிற வேலை. மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு, வாயில் இங்கிலீஷு. ஒருநாள் ஸ்டேஷனில் அவர் பேருக்கு ஒரு பெரிய மரப்பெட்டி வந்திருக்கிறது, ஏற்றி வரணும் என்று என் வண்டியைக் கேட்டார். கனமான பெட்டி. நானே கூட நின்று தூக்கி, நானே இறக்கினேன். பிரித்தால் உள்ளே மிதிரம்பம். தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். பிளேடு தானே மேலும் கீழும் ஓடும். இரண்டு கையும் சும்மா பலகையைத் திருப்பினால் போதும். சீமையிலிருந்து கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்து, அங்கேயிருந்து ரயிலேறி வந்ததாம். என் வண்டியில், என் மாடு இழுத்து, என் பொறாமையை நானே கொண்டுபோய் எதிர்வீட்டில் இறக்கி வைத்தேன்.

அவர் சித்திரமும் சீமையிலிருந்து அச்சடித்தே வரும். காகிதத்தைப் பலகையில் ஒட்டி, கோட்டின் மேலேயே மிதித்துக்கொண்டு போவார். அது என்ன பெரிய வேலை? நான் அஞ்சடியில் உட்கார்ந்து கை வலிக்க அறுக்கும்போது அந்தப் பக்கம் 'கடகட'வென்று சத்தம் கேட்கும். என் முதுகில் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

அதோடு நின்றிருந்தால் பொறுத்துப் போயிருப்பேன். அவர் சம்சாரத்துக்குக் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து துணைக்கு யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரிதான் பத்தியச் சமையல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு நன்றியாகக் கிராணி ஒரு பலகை வெட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஓம், இரண்டு பக்கமும் மயில், தோகை இறகு இறகாக. "அக்காவின்ரை சாமியறைக்கு" என்று நீட்டினார்.

இவள் அன்றைக்கே அதைச் சாமி மாடத்துக்கு முன்னால் மாட்டிவிட்டாள். என் கடிகாரச் சட்டம் சமையல்கட்டில். என் கிளிக்கூண்டு கட்டிலுக்கடியில். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வருகிற பெண்டுகள் எல்லாம் மயிலைப் பார்ப்பார்கள். "ஆரு வெட்டினது? உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்பார்கள். நான் கூடத்தில் தொண்டையைச் செருமுவேன். "இல்லைக்கா, எதிர்வீட்டுக் கிராணி" என்பாள் இவள். அதையும் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்வாள் தெரியுமா!

என் வீட்டில், நான் கும்பிடுகிற சாமிக்கு முன்னால், இன்னொருத்தன் மயில். அது இறங்கி என் கைவேலை அங்கே ஏறினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று ஆகிவிட்டது.

மயிலுக்கு மயில் வெட்டினால் அவரைப் பார்த்து வெட்டினேன் என்பார்கள். அவருக்கு அச்சடித்து வராத ஒன்று வேண்டும். வீட்டு வாசலிலேயே இருந்தது அது. என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை போடுகிற சிக்குக் கோலம். புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஒரே இழையாக ஓடித் தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். சீமையில் எவன் அச்சடிப்பான் இதை?

காகிதமும் பென்சிலும் கொடுத்து வரையச் சொன்னேன். பாவம், பென்சிலில் அவளுக்குக் கை ஓடவில்லை. இழை பாதியிலேயே வழி தப்பியது. "குனிஞ்சு தரையிலே போட்டாத்தாங்க எனக்கு வரும்" என்றாள். சரி, பழைய ரயில் பெட்டியிலிருந்து கழித்த மெல்லிய தேக்குப் பலகை ஒன்று வைத்திருந்தேன். அதைத் தரையில் போட்டேன். அரிசி மாவைக் கரைத்து, குனிந்து, ஒரே மூச்சில் போட்டுவிட்டாள்.

காயட்டும் என்று பிளேடு வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பலகை முழுக்க எறும்பு. இழை பாதியைக் காணோம்.

"பாத்துக்க மாட்டியா?" என்று கத்தினேன்.

"கோலம் போடுறதே எறும்புக்குத்தானே. அதுங்களுக்கு நீங்க சித்திரம் வெட்டப் போறது தெரியுமா?" என்று சிரித்தாள். மறுபடி போட்டாள். இந்தத் தடவை மாவு காய்வதற்குள் பென்சிலால் பின்னாலேயே ஓடிப் பிடித்தேன்.

அஞ்சடியில் உட்கார்ந்து முதல் கட்டத்தை வெட்டினேன். இழையை மரமாக விட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிடுவது என்று கணக்கு. ரம்பம் சுற்றி வந்து சேர்ந்தது. துண்டு பொத்தென்று மடியில் விழுந்தது. விழுந்த துண்டில்தான் புள்ளி இருந்தது! இழையோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற புள்ளி வேறு எப்படி நிற்கும்? எத்தனையோ வெட்டினவனுக்கு இது முன்னாலேயே தோன்றவில்லை பாருங்கள். வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "புள்ளியில்லாத கோலமா? கண்ணைத் தோண்டி எடுத்த மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கிராணி தெருவைத் தாண்டி வந்தார்.

"அண்ணை, பாலம் விட வேணும். புள்ளியிலையிருந்து இழைக்கு ஒரு சின்னக் குச்சி. என்ரை மயிலின்ரை கண்ணை வடிவாப் பாருங்கோ, அப்பிடித்தான் நிக்குது."

"பாத்துக்கிறேன்யா."

"கையாலை கஷ்டப்படாமல் என்ரை மிஷினிலை வந்து வெட்டுங்கோவன். வாள் அலகும் கிடக்கு." ரம்பத்தை அவர்கள் வாள் என்பார்கள், பிளேடை அலகு என்பார்கள்.

"எங்கிட்டே இல்லாத பிளேடா? போயிட்டு வாங்கய்யா."

அவர் போனதும் வீட்டுக்காரி, "நல்லதுக்குத்தானே சொல்றாரு, அவர் மிஷின்லே வெட்டுனா என்ன?" என்றாள். என்னவா? அவர் மிஷினில், அவர் பிளேடில், அவர் சொன்ன பாலத்தோடு வெட்டினால் அது யார் வேலை? மயில் பக்கத்தில் போய் நின்று அதன் கண்ணைப் பார்த்தேன். சொன்னபடியே, கண்மணியிலிருந்து விளிம்புக்கு ஒரு மெல்லிய குச்சி. கண்ணில் முள் குத்தினாற்போல இருந்தது. என் வீட்டுக் கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி முள்ளா? செத்தாலும் மாட்டேன்.

மனசு கெட்டு விறகுக் கிட்டங்கியில் போய்ப் படுத்தேன். நடுப்பகல். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. ஓலை இற்ற இடத்திலெல்லாம் வெயில் பொத்தல் பொத்தலாக உள்ளே விழுந்து, தரையெல்லாம் புள்ளி. கும்மிருட்டில் வெள்ளைப் புள்ளி. துள்ளி எழுந்தேன். புள்ளி மரமாக எதற்கு நிற்க வேண்டும்? புள்ளி துளையாக இருக்கட்டும். இழையும் மரமாக வேண்டாம், இழையை வெட்டி எடுத்துவிடு. இழையும் இழையும் குறுக்கிடுகிற இடத்தில் மட்டும் துளி மரத்தை விட்டால் பலகை உதிராது. பின்னால் விளக்கு எரிந்தால் கோலம் வெளிச்சத்தாலேயே நிற்கும். எந்தக் கிராணிக்கு இது தோன்றும் சொல்லுங்கள்!

அந்தப் பலகை கெட்டது கெட்டதுதான், அடுப்புக்குப் போட்டேன். கிளாங்கில் பழைய மரம் விற்கிறவனிடம் வண்டியை அனுப்பி வேறு தேக்கு எடுத்துவந்தேன். மூன்றாம் தடவை கோலம்.

இப்போது பிளேடுதான் சண்டை. இழையோ ஓலைக் கனம். தடித்த பிளேடு வளைவில் திரும்பவில்லை. திருப்பினால் மரத்தைக் கருக்கியது. ஒற்றைச் சைபர் திரும்பியது, ஆனால் புள்ளிக்கருகில் கொண்டை வளைவில் முனை மழுங்கி வந்தது. இரட்டைச் சைபரைப் போட்டேன். தேக்கில் அதைப் போடுகிறவன் பைத்தியக்காரன் என்று தவுக்கே சொன்னான். தேக்கின் எண்ணெய்ப் பசை பல்லில் ஏறிச் சூடாகி, 'டிங்' என்று அறும். மெழுகுவத்தியில் பிளேடைத் தேய்த்தேன். அழுத்தாமல், மரம் தானாக வருகிறவரை பொறுத்தேன். பல் கீழ்நோக்கித்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்த்தேன். அறுந்த பிளேடு அஞ்சடியெல்லாம் கிடந்தது. எதிரே 'கடகட' சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, இன்னும் மெதுவாக அறுத்தேன். அந்த ஆத்திரம் இல்லாவிட்டால் அவ்வளவு பொறுமை எனக்கு வந்திருக்காது.

முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பலகையை மாடத்துக்கு முன்னால் சாய்த்தேன். வீட்டுக்காரி உள்ளே விளக்கேற்றினாள். கோலம் எரிந்தது. வேறெப்படிச் சொல்ல? இழை இழையாகச் சுவரில், கூரையில், அவள் முகத்தில் எல்லாம் விழுந்தது. பிறகு அவளே முக்காலி போட்டு ஏறி மயிலைக் கழற்றினாள்.

"எதிர்வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துடேன்" என்றேன்.

"கொடுத்த பொருளைத் திருப்புறதா? கொஞ்சமாச்சும் முறை வேணாம்?" என்று தண்ணீர்ப் பானைக்கு மேலே மாட்டினாள். அது போதும் எனக்கு. அன்றைக்கு இரண்டு ஆள் சோறு தின்றேன்.

பெண்டுகள் வந்தார்கள். வாயைப் பிளந்தார்கள். நான் கூடத்தில் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"அடியாத்தி, இது உன் வெள்ளிக்கிழமைக் கோலமில்ல! என்ன கைடீ உனக்கு!"

"ஆமாக்கா, எங்கோலந்தான்" என்றாள் இவள்.

"வெட்டினது நான்" என்றேன். "சரி அண்ணே" என்று சொல்லிவிட்டு, அந்த இழை எந்தப் புள்ளியில் திரும்புகிறது என்று அவளிடம் கேட்கப் போய்விட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். கிராணியை ஜெயித்தேன், வீட்டுக்குள்ளேயே தோற்றேன். கட்டின பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிற நிலைமை எவனுக்கும் வரக்கூடாது.

கடைசியில் கிராணி வந்தார், சம்சாரத்தையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. தன் மயில் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். கோலத்தைக்கூட அதிகம் பார்க்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து, இழையின் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தை ஓட்டினார். ஒரு வளைவில் விரல் நின்றது. மறுபடி ஓட்டினார்.

"அண்ணை, எத்தினையாம் நம்பர் அலகு பாவிச்சனீங்கள்?"

இத்தனை பேர் வந்துபோனதில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டது இந்த ஆள். பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். மூன்றாம் நம்பர் என்று சொன்னால் போதும், அவர் போய் வெட்டிக் கருக்கிக்கொண்டு கிடப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் நான் தேக்கில் தலைமயிரை ஓட்டினது யாருக்குத் தெரியும்? மூன்றாம் நம்பரை எவன் வேண்டுமானாலும் போடுவானே.

"ரெட்டைச் சைபரு" என்றேன்.

"தேக்கிலையோ? சும்மா சொல்லாதேங்கோ!"

"கையாலே ஐயா. மெழுகுவத்தி தேய்ச்சு. உங்க மிஷின் வேகத்துக்கு அது நிக்காது."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. நான் நன்றாக அறிந்த எரிச்சல். என் மனசு குளிர்ந்துபோச்சு. நானே காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் தவுக்கே கடைக்குப் போய் இரட்டைச் சைபர் கேட்டேன். கையை விரித்தான்.

"எல்லாம் உன் கிராணி வாங்கிட்டுப் போயிட்டான் லா. இருந்த கட்டு அத்தனையும். நீ எதுக்கு அவனுக்கு நம்பர் சொன்னே?"