பத்து லட்சத்து ஒன்று

பத்து லட்சத்தோடு ஒன்றைக் கூட்டினால் அது பகா எண்ணாக இருக்குமோ என்று இராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதுதான் தோன்றியது. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்! அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் கல்லூரிக் கணித மன்றத்தில் நானும் தோழி மும்தாஜும் பேச வேண்டும். நன்றாகப் பேசுபவளை மதுரைப் போட்டிக்கு அனுப்புவார்கள். எனக்கு மதுரைக்குப் போயே ஆகவேண்டும்.

மில் ஷிப்டு முடிந்து ஏறியவர்களின் நெரிசலில் நின்றபடியே வகுக்கத் தொடங்கினேன். ஆயிரம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். தொண்ணூற்றேழை முடித்தபோது பஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டது. இதுவரை உடையாததா இனி உடையப்போகிறது என்று இறங்கிவிட்டேன்.

மேடையேறி, "இது பகா எண்!" என்று முழங்கினேன்.

முன்வரிசையிலிருந்து மும்தாஜ் கேட்டாள். "ஏட்டி, எதுவரைக்கும் வகுத்துப் பாத்த?"

"தொண்ணூத்தேழு."

"அடுத்தது நூத்தி ஒண்ணுல்லா? அதுக்குள்ள என்னட்டி அவசரம்?"

அவளே வந்து கரும்பலகையில் வகுத்தாள். 101 × 9901. மீதி பூஜ்யம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பலகையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. உடையவே உடையாது என்று நான் கொண்டாடிய எண், உடைந்த பிறகு இன்னும் அழகாக இருந்தது.

மதுரைக்கு மும்தாஜ்தான் போகிறாள். நான் இப்போது, திரும்பும் பஸ்ஸில், பத்துக் கோடியே ஒன்றைப் பிடித்திருக்கிறேன். மூன்று, ஏழு, பதினொன்று, பதிமூன்று, எதனாலும் வகுபடவில்லை. அதற்குள் பஸ் இராஜபாளையம் வந்துவிட்டது. இறங்கியதும் வீட்டுக்கு ஓடப்போவதில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து பதினேழால் வகுக்கப்போகிறேன்.