அத்தானின் ஊசியில்லாத இன்சுலின்

இன்று அமெரிக்காவிலிருந்து வந்த அக்காவையும் அத்தானையும் நயினாதீவுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டுக்கு முன்னர் கோயில் அன்னதான மடத்து மூலையில் சேர்ட்டைத் தூக்கி, வயிற்றில் இன்சுலின் ஊசியைக் குத்தினேன். என் வயிற்றில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

அத்தான் சிரித்தார். "இன்னும் குத்திக்கொண்டோ இருக்கிறாய்? நான் இன்சுலின் பொடியை வாயால மூச்சோட இழுக்கிறனான். ஊசியெல்லாம் மாட்டுக்கடா!"

எங்களோடு வந்த என் மகள்கூடச் சிரித்தாள். பொறுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது இறங்குதுறையில் அத்தானைக் காணவில்லை. தேடிப் போனால், கடைக்குப் பின்னால் ஒளித்து நின்று சிகரெட் பிடிக்கிறார்.

நல்ல பிள்ளையாக அக்காவிடம் வந்தேன். "அக்கா, அந்த இழுக்கிற இன்சுலின் எடுக்கிறவை சிகரெட் பிடிக்கலாமோ?"

"ஐயோ, கூடவே கூடாது! விட்டிட்டன் எண்டு இவர் சொன்னபடியாத்தான் டொக்டர் குடுத்தவர். ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான். அந்தக் கடைக்குப் பின்னால ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

அக்கா போய்க் கையும் களவுமாகப் பிடித்தார். "அமெரிக்கா போன உடன டொக்டரிட்டச் சொல்லுவன், இனி உங்களுக்கு ஊசிதான்" என்று அக்கா படகு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார்.

அத்தான் மெல்ல என் பக்கம் நகர்ந்தார். "தம்பி, வயித்தில குத்தேக்க நோகுமே?"

"உயிர் போகும் அத்தான்."

உண்மையில் எறும்பு கடித்த அளவுகூட நோகாது. ஊசி போடுகிற நண்பர்களே, கீழே வந்து அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள். அத்தானும் முகநூலில் இருக்கிறார்.