செசாரியா பேசாத மூன்று மணி நேரம்

செசாரியாவின் பெயரை நான் முதலில் கேட்டது ரொட்டி சுடும் இடத்தில், ஒரு புகாராக. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்ததே தவிர ஆகவில்லை. மாவுத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற தேத்தா, தன் வீட்டு முற்றத்தில் பிறந்திருக்கும் ஒரு குழந்தையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சரியா ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கிறா. தொண்டையா அது? கோயில் மணி தேவல. என் மவன் ராத்திரி பூரா அடுப்புல வெந்துட்டு வந்து படுக்கிறான், அவன் கண்ணை மூட விடமாட்டேங்கிறா இந்த செசாரியா."

தென் இத்தாலியில் எங்கள் ஊரான லெச்சேயின் பழைய நகரத்துக்குள் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மதியம் ஒரு மணி ஆனால் கடை, கோயில், ஜன்னல் எல்லாம் மூடிவிடும். நாலு மணி வரைக்கும் கொந்த்ரோரா, ஊரே படுத்துத் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் யார் வீட்டு மணியையும் யாரும் அடிப்பதில்லை, சாவுச் செய்தி கொண்டு வந்தவனைத் தவிர. அவனும் மெதுவாகத்தான் அடிப்பான்.

ஆறு மாதம் கழித்து நான் வாழ்க்கைப்பட்டுப் போனது அதே முற்றத்துக்கு. செசாரியா என் நாத்தனார் தொனாத்தாவின் பெண். செசாரியாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் தேத்தாவின் மகன் இப்பாட்சியோ. ஆக, அவளுக்கு அவர் பெரியப்பா. ரொட்டிக்காரர். ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து போய் விடிந்து வருவார், மதியம்தான் தூங்குவார். பிறந்த நாளிலிருந்தே அவருக்கும் அவளுக்கும் வழக்கு அந்தத் தூக்கம்தான்.

அந்தத் தொண்டை வளர்ந்ததே தவிர அடங்கவில்லை. காகிதக் கூழில் சாமி பொம்மை செய்யும் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். பொம்மையின் கன்னத்துக்கு வர்ணம் பூசியதைவிட, வருகிறவர்களுக்கு அந்தச் சாமியின் கதையைச் சொன்னதுதான் அதிகம். கடைக்காரரே, "நீ தெருவுல நின்னு சொல்லும்மா, உன் வாய்க்குக் கூரை பத்தாது" என்று அனுப்பிவிட்டார். ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்கு அரசாங்கப் பரீட்சை உண்டு. இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினாள். மொட்டை மாடியில் அவள் பாடம் ஒப்பித்ததைக் கேட்டுக் கேட்டு, எந்தத் தூணை எந்த ஆண்டு நட்டார்கள் என்று எனக்கே தெரியும்.

அவளுக்குக் கிடைத்த வேலை ஒருநாள் நடை. பயண ஏற்பாடு செய்யும் லொரேதானா என்ற பெண் வியாழனும் சனியும் கூட்டத்தை ரயிலில் அனுப்புவாள். காலை பத்து மணிக்கு ஊர் மதிலின் நாப்போலி வாசலில் ஆரம்பித்து, மாலை ஐந்துக்கு ரோமானிய அரங்கத்தின் பக்கத்தில் முடிக்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. வந்தவர்களை மூன்று மணி நேரம் வெயிலில் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்பது லொரேதானாவின் கண்டிப்பு. கோடையில் அந்நேரம் நிழல் விழுகிற இடம் எங்கள் சந்து ஒன்றுதான். பால்கனிகளைத் தாங்கிக்கொண்டு பல்லை இளிக்கும் கல் முகங்களும் எங்கள் சந்தில்தான் இருக்கின்றன. அதனால் செசாரியா கூட்டத்தோடு ஒவ்வொரு தடவையும் இரண்டு மணிக்கு இப்பாட்சியோவின் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நிற்பாள். நின்றால் பேசுவாள்.

ஒரு ஜூன் மாதத்து வியாழக்கிழமை அவர் ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து கொட்டினார். கூட்டத்தில் யார்மேலும் விழவில்லை. செசாரியா மட்டும் தலையோடு கால் நனைந்து நின்றாள்.

"பெரியப்பா! இது என் பொழப்பு!"

"இது என் தூக்கம்டீ! பொறந்ததுலேர்ந்து முப்பத்தேழு வருஷமா கேக்குறேன், குடுக்க மாட்டேங்கிற!"

மறுநாள் காலை அவர் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். சந்துக்குள் கூட்டம் வரக் கூடாது என்று நகராட்சிக்கு எழுதிய மனு. செசாரியாவின் வீடு நீங்கலாகச் சந்தில் பதினோரு வீடு. பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தொனாத்தா, பெற்ற தாய், அவளும் போட்டிருந்தாள்.

"நீங்க ஒருத்திதான் பாக்கி, பவ்லினாக்கா. பதினொண்ணும் இருந்தாத்தான் எடுத்துக்குவாங்களாம்."

"சந்தை விட்டா அவளுக்கு வேற நிழல் இல்லையேப்பா. நடையே போயிடும்."

"கொந்த்ரோரா போனா நமக்கு மட்டும் என்ன இருக்கு?"

நானும் மதியம் படுக்கிறவள்தானே. "நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். சத்தம் வந்துதுன்னா சாயங்காலம் நானே வந்து போடுறேன்" என்றேன்.

இதை அப்படியே போய் செசாரியாவிடம் சொன்னேன். அவளும் அவள் புருஷன் கோசிமோவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் சந்துக்குள்ள போகலன்னா லொரேதானா வேற ஆளப் போட்டுடுவா, அத்தை. போனா, சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்? இங்கதானே குடியிருக்கணும்?"

கோசிமோ ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே, "மூணு மணி நேரம் நீ வாயை மூடிக்கிட்டுப் போனீன்னா, சந்துல பதினோரு வீட்டுலயும் சாமிக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. நான் ரெண்டா ஏத்துறேன்" என்றான்.

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பெர்கமோ ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு மணிக்கு எங்கள் சந்து முனை வளைவில் அவர்களை நிறுத்தினாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே எனக்கு மாடியில் கேட்கும்.

"இதுவரைக்கும் நான் பேசினேன். இனிமே நாலு மணி வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்கக் கூடாது. உள்ள ஜனங்க தூங்குறாங்க. போனை அணைச்சிடுங்க. செருப்பு சத்தம் போடும்னா கழட்டிக் கையில வச்சுக்குங்க, கல்லு சுத்தமாத்தான் இருக்கும்."

ஒரு அம்மாள், "நீங்க சொல்றதக் கேக்கத்தானேம்மா வந்தோம்?" என்றாள்.

"கேள்வியெல்லாம் சேத்து வச்சுக்குங்க. நாலு மணிக்குக் காபிக் கடை திறக்கும், ஒண்ணுவிடாம சொல்றேன்."

அதோடு அடங்கிற்று. நான் ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பேசாமலே சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணி சுமாருக்கு வந்தார்கள். பதினெட்டுப் பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக. முன்னால் செசாரியா, வெறுங்காலோடு. வாயை அப்படி இறுக்கி வைத்திருந்தாள், பல் வலிக்காரி மாதிரி. இப்பாட்சியோவின் பால்கனிக்குக் கீழே நின்று விரலை மட்டும் உயர்த்தினாள். எல்லாரும் அண்ணாந்து கல் முகங்களைப் பார்த்தார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் அதில் ஒரு முகத்தைப் பார்த்து அதே மாதிரி பல்லை இளித்துக் காட்டினார். மேலே இப்பாட்சியோவின் குறட்டை ஏறி இறங்கியது. யாரோ ஒரு வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கேட்டது. ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தோழியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செசாரியாவின் தோளும் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

இன்னும் பத்தடி நடந்தால் முற்றத்துக்குள் போய்விடுவார்கள். நன்றாகப் பார்க்க வேண்டுமென்று நான் எட்டினேன். என் முழங்கை பட்டு, ஜன்னல் மேடையில் காயவைத்திருந்த காபிக் குடுவை, அதன் மூடி, அடித்தட்டு மூன்றும் தரையில் விழுந்து உருண்டன. சந்து முழுக்க அந்தத் தகரச் சத்தம்.

பதினெட்டுப் பேரும் திரும்பினார்கள். பதினெட்டுப் பேரும் உதட்டில் விரலை வைத்து, என் ஜன்னலைப் பார்த்து, "ஷ்ஷ்" என்றார்கள். நான் முப்பத்தாறு வருஷமாகக் குடியிருக்கும் சந்தில்!

குறட்டை நின்றது. இப்பாட்சியோவின் ஜன்னல் படாரென்று திறந்தது. கையில் வாளி.

"எவ அவ?"

செருப்பைப் பிடித்துக்கொண்டு, விரல் உதட்டிலிருந்து எடுபடாமல், பதினெட்டு வெளியூர்க்காரர்கள் அவரை ஏறிட்டுப் பார்த்தார்கள். அவர் வாளியைத் தூக்கியபடியே செசாரியாவைத் தேடிப் பிடித்து முறைத்தார். பிறந்ததிலிருந்து அவர் திட்டினால் பதிலுக்குப் பத்து பேசுகிறவள். அன்று வாயைத் திறக்கவில்லை. கையை மெதுவாகத் தூக்கி என் ஜன்னலைக் காட்டினாள்.

நான் என்ன செய்வது? பலகையைத் திறந்து, குடுவை மூடியைக் கையில் பிடித்துக் காட்டினேன்.

"பவ்லினாக்கா," என்றார் அவர், அவரே அறியாமல் குரலைத் தாழ்த்தி, "இந்த வயசுல உங்களுக்குப் பாத்திரம் உருட்டுற வேலை எதுக்கு?"

வாளித் தண்ணீரைத் துளசிச் செடித் தொட்டியில் மெதுவாக ஊற்றினார், சொட்டுக் கூடக் கீழே விழாமல். பிறகு ஜன்னலைச் சாத்தினார். கூட்டம் முற்றத்துக்குள் போய், கிணற்றைச் சுற்றி நிழலில் உட்கார்ந்தது. நாலு மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள்.

சாயங்காலம் வாக்குக் கொடுத்தபடி பேனாவோடு இப்பாட்சியோ வீட்டுக்குப் போனேன். சத்தம் வந்தது நிஜம்தானே.

"வேணாம்க்கா. போட்டீங்கன்னா, சத்தம் போட்டது யாருன்னு நகராட்சிக்காரன் கேப்பான். உங்க பேரைத்தான் எழுதணும்."

"அப்ப தாளைக் கிழிச்சிடலாமே."

"கிழிக்க மாட்டேன். அடுப்படி இழுப்பறையில கிடக்கட்டும். அவ என்னைக்கு வாயைத் திறக்குறாளோ அன்னைக்கு எடுப்பேன்."

அடுத்த வாரம் லொரேதானா போனில், "அந்தப் பேசாத நடைக்குத்தான் ஆள் கேக்குறாங்க, என்ன செஞ்ச நீ?" என்று கேட்டாளாம். "நான் ஒண்ணும் செய்யல, சும்மா இருந்தேன்" என்றாளாம் இவள். அந்த மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து, நாலு மணிக்குக் காபிக் கடையில், ஐஸும் பாதாம் பாலும் போட்ட காபியை வைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கடைக்காரரால்தான் தாங்க முடியவில்லை.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்பாட்சியோ அடுப்பு வேலையை விட்டுவிட்டார், ராத்திரியில் தூங்குகிறார், மதியமும் தூங்குகிறார். தாள் இழுப்பறையில் இருக்கிறது. செசாரியாவுக்கு நாற்பத்தாறு வயது. கோசிமோவோடு அதே முற்றத்தில், கிணற்றுக்கு இடப்பக்கத்துக் கீழ்வீட்டில் குடியிருக்கிறாள். வியாழனும் சனியும் நடைக்குப் போகிறாள்.